பெட்டி எடை போடும் கைத்தராசு: ஒரு மண்டிக்காரன் பார்வையில்

திருச்சி காந்தி மார்க்கெட்டில் அரிசி மண்டிக் கணக்குப் பார்த்தே வாழ்நாளில் பாதியைக் கழித்தவன் நான். அதனால் யார் எந்தத் தராசைக் காட்டினாலும் முதலில் சந்தேகம்தான் வரும். மகள் குடித்தனம் இருப்பது ஷார்ஜாவில். அவள் லீவுக்கு வந்து திரும்பும்போதெல்லாம் பெட்டி கட்டுவது எங்கள் வீட்டுக் கூடத்தில்தான். டிக்கெட்டில் போட்டிருப்பது பெட்டிக்கு 30 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. இந்த இரண்டு எண்களுக்காகப் பெரிய கடைவீதியில் ஒரு கைத்தராசு வாங்கினேன். விலை நானூற்றுச் சொச்சம். கம்பெனி பெயர் சொல்லிப் பிரயோசனம் இல்லை. இதே பொருள் இதே உருவத்தில் ஐந்தாறு பெயர்களில் அந்தக் கடையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

உள்ளங்கைக்குள் அடங்கும் பிடி, நடுவில் சின்னத் திரை, கீழே ஒரு நைலான் பட்டை. பட்டையைப் பெட்டியின் கைப்பிடிக்குள் விட்டுக் கொக்கியில் மாட்டித் தூக்க வேண்டும். எண் கொஞ்ச நேரம் ஆடும், நிலைக்கும், 'பீப்' என்று ஒரு சத்தம், அப்புறம் அந்த எண் திரையிலேயே நின்றுவிடும். பெட்டியைக் கீழே வைத்த பிறகு நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். உள்ளே ஸ்பிரிங் கிடையாது. ஓர் உலோகத் துண்டு பாரத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது, அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பியின் மின்தடை மாறுகிறது, அதைத்தான் கிலோவாகக் காட்டுகிறது. மண்டியில் இருக்கும் எலக்ட்ரானிக் மேடைத் தராசும் இதே தத்துவம்தான்.

50 கிலோ வரை நிறுக்கும், 10 கிராம் துல்லியம் என்று அட்டையில் அச்சடித்திருக்கிறார்கள். முதலாவது சரி. இரண்டாவதை நம்ப வேண்டாம். பத்துப் பத்து கிராமாக எண் ஏறும் என்பது வேறு, பத்து கிராம்கூடப் பிசகாது என்பது வேறு. சோதிக்க வீட்டில் பிரிக்காத 26 கிலோ அரிசி மூட்டை இருந்தது. (பழைய 25 கிலோ ஏன் 26 ஆனது என்று கேட்கிறவர்களுக்கு: 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூட்டி வரியைத் தாண்டிவிட்டார்கள்.) சாக்கையும் சேர்த்தால் 26 கிலோ 100 கிராம் பக்கம் வர வேண்டும். மெதுவாகத் தூக்கினால் 26.05க்கும் 26.20க்கும் நடுவில்தான் நின்றது. வெடுக்கென்று தூக்கினால் அரைக் கிலோ வரை தாறுமாறாகக் காட்டியது. மளிகை வியாபாரத்துக்கு இது உதவாது, அதற்கான அரசு முத்திரையும் இதில் கிடையாது. விமான நிலையக் கவுன்ட்டருக்குப் போகும் முன் பார்த்துக்கொள்ள இது தாராளம். 29 அரையில் நிறுத்திக்கொண்டால் பயமில்லை.

சிக்கல் தராசில் இல்லை, தூக்குகிறவரின் முதுகில் இருக்கிறது. முப்பது கிலோவை ஒரு கையால் தொடையில் இடிக்காமல் தூக்கி மூன்று நொடி அசையாமல் பிடிக்க, மூட்டை தூக்கிப் பழகியவர்களுக்கே மூச்சு முட்டும். பெட்டி காலில் சாய்ந்தால் எடை குறைத்துக் காட்டும். அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். எங்கள் வீட்டில் ஊஞ்சல் பலகையைக் கழற்றிவிட்டு, சங்கிலியில் கயிறு போட்டுத் தராசைத் தொங்கவிட்டேன். பெட்டியை ஒரு நாற்காலிமேல் வைத்துப் பட்டையை மாட்டி, நாற்காலியை மெல்ல உருவிவிட வேண்டும். எண் ஆடாமல் வந்து நிற்கும். ஊஞ்சல் இல்லாதவர்கள் பிடியில் கயிறு கட்டி ஓர் உலக்கையில் கோத்து, ஆளுக்கு ஒரு முனையாக இரண்டு பேர் தூக்கலாம்.

இன்னொரு தொல்லை, அந்த ஒற்றைப் பொத்தான். ஆன் செய்வதும் அதுதான், கிலோவைப் பவுண்டாக மாற்றுவதும் அதுதான். எதிர்வீட்டுத் தம்பி இரவல் வாங்கிப் போய்ப் பத்தே நிமிடத்தில் ஓடி வந்தார். "சார், அறுபத்தாறு காட்டுது சார்!" முப்பது கிலோ, பவுண்டில் அறுபத்தாறு. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்து எறும்பு அளவு. என் வயதுக்காரர்களுக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாது. திரையில் வெளிச்சமும் கிடையாது.

சரி, எடை தெரிந்து என்ன லாபம் என்றால், பெட்டி கட்டும்போது நடக்கும் சண்டையின் போக்கே மாறுகிறது. முன்பெல்லாம் "இதுவும் போகட்டுமே" என்பதுதான் பேச்சு. இப்போது ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இருக்கிறது. முதலில் காலிப் பெட்டியை நிறுத்தேன். மகள் ஆசையாக வாங்கிய பெரிய டிராலி, ஒன்றுமே வைக்காமல் 4 கிலோ 600. முப்பதில் ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு, வெறும் சக்கரத்துக்கும் ஓட்டுக்கும் போகிறது. வளைகுடா போகிற பழைய ஆட்கள் அட்டைப்பெட்டியில் கட்டி, டேப் ஒட்டி, மார்க்கரில் பெயர் எழுதிக்கொண்டு போவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். அட்டைப்பெட்டி ஒரு கிலோகூட வராது. அவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். ஆனால் கட்டும்போது சதுரமாகக் கட்ட வேண்டும். தட்டையான பக்கமே இல்லாத உருண்டை மூட்டைகளை துபாய் விமான நிலையத்தில் 2017 முதல் ஏற்பதில்லை.

அடுத்து சாமான்கள். ஒரு பட்டுப்புடவை முக்கால் கிலோ. மூன்று எடுத்து வைத்திருந்தாள், ஒன்று வெளியே போனது. ஐந்து கிலோ இட்லி அரிசி வெளியே வந்தது. ஷார்ஜா ரோலாவிலும் துபாய் கராமாவிலும் கிடைக்காத இட்லி அரிசியா? என் மனைவிக்கு அதில் வருத்தம்தான். "ஏங்க, அங்க கெடைக்கிறதும் நம்ம அரிசியும் ஒண்ணா?" என்றாள். அரிசியைப் பற்றி என்னிடமே கேட்கிறாள்! அந்த இடத்தில் சாம்பார்ப் பொடி, மணத்தக்காளி வற்றல், சுண்டைக்காய் வற்றல், கூழ் வடகம் ஏறின. எல்லாம் சேர்த்தே மூன்று கிலோவைத் தொடவில்லை. மணப்பாறை முறுக்கு எடை குறைவு, இடம்தான் அடைக்கும், நசுங்கவும் நசுங்கும். புதுக் குக்கருக்குள் அதை அடுக்கி மூடியைப் போட்டோம். போய்ச் சேர்ந்தபோது ஒன்றிரண்டுதான் உடைந்திருந்ததாம்.

தராசு சொல்லாத சங்கதிகளும் உண்டு. கால் கிலோ கசகசா எடையில் ஒன்றுமே இல்லை, ஆனால் ஐக்கிய அரபு அமீரகத்துக்குள் அது போகவே கூடாது. அபினிச் செடியின் விதை என்பதால் அங்கே போதைப்பொருள் கணக்கில் வரும். குருமாவுக்கு என்று யாராவது பொட்டலம் கட்டிக் கொடுத்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். வெற்றிலைக்கும் துபாய் சுங்கத்தில் தடை. தாம்பூலப் பையை அப்படியே தூக்கி உள்ளே வைக்காதீர்கள். கோடீன் சேர்ந்த இருமல் மருந்து, டிராமடால் மாத்திரை எல்லாம் முன்அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. நம் ஊர் விமான நிலையத்தில் கொப்பரைத் தேங்காயைப் பிடிப்பார்கள். எண்ணெய்ச் சத்து அதிகம், தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடிய சரக்கு என்று விமானச் சரக்கு விதிகளில் பட்டியலிட்டிருக்கிறார்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டியில் கூடாது. 100 வாட்-மணி (பேட்டரிக்குள் அடங்கும் மின்சாரத்தின் அளவு) வரை கேள்வி இல்லை. 20,000 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் சுமார் 74 வாட்-மணி வரும், கவலை வேண்டாம். ஊறுகாய் நேர்மாறு, அது பெட்டிக்குள்தான். கடையிலேயே வாயில் தகடு ஒட்டிய பாட்டிலாகப் பார்த்து வாங்கி, இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டு, பழைய துண்டில் சுற்றி நடுவில் வைக்கவும்.

ஆளுக்கு 30 கிலோ என்றாலும், எல்லோருடையதையும் ஒரே பெட்டியில் திணிக்க முடியாது. ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால், தூக்குகிற தொழிலாளிகளின் முதுகை நினைத்துப் பொதுவாக எந்த விமானத்திலும் ஏற்றமாட்டார்கள். கணவன், மனைவி, குழந்தை என்று போகிறவர்கள் ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாக நிறுத்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தராசுக்கே திரும்புகிறேன். உள்ளே இருப்பது சிஆர் 2032 என்ற பொத்தான் பேட்டரி. அடுத்த பயணம் வரை அலமாரியில் கிடக்கும்போது கழற்றி வைப்பது நல்லது. குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, எட்டாத இடத்தில் வையுங்கள். எனக்கு வந்ததில் பேட்டரி மூடி திருகாணி இல்லாமல் வெறுமனே அழுத்தி மூடுவதாக இருந்தது. அதற்கு ஒரு மதிப்பெண் குறைக்கிறேன், பவுண்டுப் பொத்தானுக்கு ஒன்று. ஐந்துக்கு மூன்று. வாங்கும்போது வெறும் இரும்புக் கொக்கி வைத்ததை விட்டுவிட்டுப் பட்டை வைத்ததாகப் பாருங்கள், கொக்கி பெட்டியின் பிடியைக் கிழிக்கும். பட்டையின் தையலை நான்கு பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

ரயிலில் போகிறவர்களுக்கு இது தண்டச் செலவு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 40 கிலோ, இரண்டடுக்கு ஏசியில் 50 கிலோ வரை இலவசம். அங்கே பார்க்க வேண்டியது பெட்டி கீழ்ப் பெர்த்துக்கு அடியில் நுழையுமா என்பதைத்தான். அதற்கு ஓர் இஞ்ச் டேப் போதும்.