கின்மேர் பதக்கம்: வெள்ளியா, வெண்கலமா?

முதல் உலகப்போரில் 53 விமானங்களை வீழ்த்திய பிரெஞ்சு விமானி ஜோர்ஜ் கின்மேர், 1917 செப்டம்பர் 11 அன்று பெல்ஜிய வானில் பறக்கப் போனவர், திரும்பவே இல்லை. வயது 22தான்.

அவர் முகம் பொறித்த பதக்கம் வாங்குவதென்றால் என் மனம் வெள்ளிப் பக்கம். வெண்கலம் மலிவு, எளிதில் கிடைக்கும். ஆனால் ஒரே அளவில் வெள்ளி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் கனம். உள்ளங்கையில் வைத்ததுமே தெரியும். விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். பாரிஸ் நாணயச்சாலையில் அடித்ததென்றால் சின்னக் கொம்பு முத்திரையும் பக்கத்திலேயே உலோகத்தின் பெயரும் இருக்கும். வெள்ளி முலாம் பூசிய வெண்கலமும் உண்டு, கவனம்.

வெள்ளி கறுக்கும். சரி, கறுக்கட்டும்! பாலிஷ் போட்டுத் தேய்த்தால் மூக்கு, கன்ன மேட்டின் நுணுக்கம்தான் முதலில் போகும்.