சாகு வேறு, சாகு வேறு: தமிழருக்கான எட்டு வாரக் கன்னட வகுப்பு

பெங்களூரு அல்சூர்ப் பக்கம், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் நடக்கிறது இந்த வகுப்பு. ‘தமிழ் வழியாகக் கன்னடம்’ என்று வாசலில் பலகை. குறைகளையும் விவரமாக எழுதப்போவதால் வகுப்பின் பெயர் இங்கே வேண்டாம். சனி, ஞாயிறு தலா ஒன்றரை மணி நேரம், எட்டு வாரம், ஆக மொத்தம் 24 மணி நேரம். கட்டணம் 4,500 ரூபாய், கையேடு உட்பட. நாற்காலி, மின்விசிறி பற்றியெல்லாம் சொல்ல ஒன்றுமில்லை.

நகரத்தில் கன்னட வகுப்புக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலானவை ஆங்கிலம் அல்லது இந்தி வழியாக நடக்கின்றன. டெல்லியிலிருந்து வந்தவருக்கு ‘ஹாலு’ ஒரு புதுச்சொல், மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். தமிழருக்கு அது பால். அதையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மனப்பாடம் செய்வது வீண்வேலை. இந்த வகுப்பின் ஆசிரியர் கன்னடர், தமிழும் நன்றாகத் தெரிந்தவர். முதல் நாளே பலகையில் அவர் எழுதுவது சொற்பட்டியல் அல்ல, மூன்று வரி வாய்பாடு.

தமிழில் சொல்லின் முதலில் ‘ப’ வந்தால் கன்னடத்தில் ‘ஹ’: பால்–ஹாலு, பல்–ஹல்லு, புலி–ஹுலி, பத்து–ஹத்து, பணம்–ஹண. மாரத்தஹள்ளியில் இருக்கும் ‘ஹள்ளி’யும் திருச்சிராப்பள்ளியில் இருக்கும் ‘பள்ளி’யும் ஒன்றுதான் என்று புரியும்போது வகுப்பே நிமிர்ந்து உட்காரும். அடுத்து, தமிழ் ‘வ’ கன்னட ‘ப’ ஆகும், அதுவும் ‘பஸ்’ஸில் வரும் மெல்லிய ப: வாய்–பாயி, வாழை–பாளெ, வெல்லம்–பெல்ல, விடு–பிடு, வேண்டாம்–பேட. மூன்றாவது, ‘சி, செ, சே’ எல்லாம் ‘கி, கெ, கே’ ஆகும்: செவி–கிவி, சேரி–கேரி. கூடவே மழை–மளெ, தலை–தலெ, இலை–எலெ என்று ஐகாரம் எகரமாகும். ஒன்றரை மணி நேரத்தில் நாற்பது ஐம்பது சொல் கைக்கு வந்துவிடுகிறது, அதுவும் மனப்பாடம் இல்லாமல்.

வாய்பாட்டின் எல்லையையும் அவரே சொல்லிவிடுகிறார், அதற்குத் தனிப் பாராட்டு. பழைய திராவிடச் சொற்களுக்கு மட்டும்தான் இது செல்லும். பாடம், பாத்திரம் போன்ற வடசொற்களுக்குச் செல்லாது. பாடத்தை ‘ஹாட’ ஆக்கினால் யாருக்கும் புரியாது. கிளி ஏன் கன்னடத்தில் ‘கிளி’யாகவே (முதல் எழுத்து மட்டும் மெலிந்து) நிற்கிறது என்றும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். பழைய ககரம் சகரமாக மாறியது தமிழில்தான். அடுத்த எழுத்து ள, ட, ண போல நாக்கை மடித்துச் சொல்லும் எழுத்தாக இருந்தால் தமிழிலும் க மாறாமல் நின்றுவிடும், அவ்வளவுதான்.

கற்பவரின் தாய்மொழியையும் கற்கும் மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே வழி திறந்திருக்கிறது, எங்கே இடறும் என்று முன்கூட்டியே கணிப்பது பயன்பாட்டு மொழியியலின் பழைய வேலை. 1957இல் மொழியியலாளர் ராபர்ட் லாடோ இதை ஒரு முறையாகவே வகுத்துக் கொடுத்தார். வேறுபாடு அதிகமானால் சிரமமும் அதிகம் என்பது அந்தக் காலத்துக் கணிப்பு. பிறகு பார்த்தால், முழுக்க வேறாக இருப்பது கண்ணில் பட்டுவிடுகிறது, ஏறக்குறைய ஒன்றாக இருப்பதுதான் காலை வாருகிறது. தமிழுக்கும் கன்னடத்துக்கும் நடுவே இருப்பது முழுக்க இந்த ‘ஏறக்குறைய’தான். ஒற்றுமையை இந்த வகுப்பு அருமையாகக் காசாக்குகிறது. அதே ஒற்றுமை தோண்டும் குழிகளுக்குத்தான் பலகை வைக்க மறந்துவிட்டது.

முதல் குழி கையேட்டிலேயே இருக்கிறது. 64 பக்கமும் தமிழ் எழுத்து. நம் எழுத்தில் ஒரே ‘க’தான். சொல்லின் முதலில் வல்லியதாகவும் நடுவில் மெலிந்தும் ஒலிக்கும். அதை யாரும் சொல்லித்தர வேண்டாம், நாக்கே பார்த்துக்கொள்ளும். கன்னடத்தில் வல்லின க தனி எழுத்து, மெல்லிய க தனி எழுத்து, சொல்லின் நடுவிலும் இரண்டும் வரும். கையேட்டின் ‘ஹோட்டலில்’ பாடத்தில் ‘போதும்’ என்பதற்கு ‘சாகு’ என்று அச்சாகியிருக்கிறது. தமிழ்க் கண் அதைப் பார்த்ததும் நாக்கு ககரத்தை மெலித்துவிடும். மெலித்த சாகு என்பது பூரிக்குத் தொட்டுக்கொள்ளும் கிழங்குக் குழம்பு! போதும் என்று நினைத்துக்கொண்டு இலைமேல் கை நீட்டி ‘சாகு, சாகு’ என்றால், பரிமாறுபவர் இன்னொரு கரண்டி ஊற்றுவதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை. தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது வேறு கதை.

‘வேண்டும்’ என்ற ‘பேகு’வுக்கும் ‘சீக்கிரம்’ என்ற ‘பேக’வுக்கும் இதே கதிதான். முன்னதில் க வல்லினம், பின்னதில் மெலிந்தது. ‘வர்றேன்னு சொன்னான்’ என்பதற்குக் கன்னடத்தில் ‘பர்தீனி அந்த ஹேளித’. இந்த ‘அந்த’வில் வரும் த வல்லினம், தமிழ் ‘அந்த’ மாதிரி மெலியாது. வாய்க்கு வராத ஒலி என்று இதில் எதுவுமில்லை. பஸ், பெங்களூர் என்று ஒரு நாளைக்கு நூறு முறை மெல்லிய ப சொல்கிற வாய்தான் நம்முடையது. புதுச்சொல்லில் எது எது என்று கண்ணுக்குச் சொல்ல ஆளில்லை, கோளாறு அங்கேதான்.

தீர்வு ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானமல்ல, வீட்டு பூஜை அலமாரியிலேயே இருக்கிறது. தமிழில் அச்சாகும் சுலோகப் புத்தகங்களில் க, க², க³, க⁴ என்று தலைமேல் எண் போடும் வழக்கம் உண்டு. மூன்று போட்டால் மெலிந்த ஒலி. குழம்பு ‘சாகு³’, போதும் வெறும் ‘சாகு’, வேண்டும் ‘பே³கு’. அச்சுச் செலவு ஒரு பைசா கூடாது. வகுப்பில் செய்ய ஒரு பயிற்சியும் உண்டு. தொண்டையில் இரண்டு விரலை வைத்து ‘சாகு’வை முதலில் மெலித்துச் சொல்ல வேண்டும், விரலடியில் அதிர்வு தெரியும். பிறகு கோணிச் சாக்கைச் சொல்வதுபோல் இறுக்கி, ஆனால் இரட்டிக்காமல் சொல்ல வேண்டும், ககர இடத்தில் அதிர்வு நிற்கும். ஐந்து நிமிட வேலை. 24 மணி நேரத்தில் இதற்கு இடமில்லாமல் போனது ஆச்சரியம், ஏனென்றால் மூச்சு சேர்த்துச் சொல்லும் வடமொழி எழுத்துகளுக்கு ஒரு முழு வகுப்பு போகிறது. அன்றாடப் பேச்சில் அந்த மூச்சைப் பல கன்னடர்களே பொருட்படுத்துவதில்லை.

இலக்கணப் பகுதி நன்றாக ஓடுகிறது. ‘போயிட்டு வரேன்’ அப்படியே ‘ஹோகி பர்தீனி’. ‘போகணும்’ என்றால் ‘ஹோகபேகு’. சொல்லுக்குச் சொல் வரிசை மாறாது, வேற்றுமை உருபும் அதே இடத்தில் நிற்கும். எழுத்துக் கன்னடத்தை நுழைக்காமல் பேச்சு வடிவத்தையே கொடுத்திருப்பது புத்திசாலித்தனம். பழைய பாணிக் கையேடுகளில் ‘நானு ஹோகுத்தேனெ’ என்று இருக்கும். காய்கறிக் கடையில் போய் அப்படிப் பேசினால், ‘யான் செல்கிறேன்’ என்று நம்மிடம் ஒருவர் சொன்னால் எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பார்ப்பார்கள்.

இங்கேயும் ஒரு குழி உண்டு. தமிழில் ‘நான் போகலை’ என்றால் நேற்றுப் போகாததற்கும் ஆகும், இப்போது போகாததற்கும் ஆகும். கன்னடத்தில் அவை இரண்டு வடிவம். ‘ஹோகல்ல’ என்றால் போகமாட்டேன், ‘ஹோக்லில்ல’ என்றால் போகவில்லை. ‘போகலை’யின் ஓசைக்குப் பக்கத்தில் இருப்பது ‘ஹோகல்ல’, ஆகவே தமிழர் வாயில் எல்லா இடத்திலும் அதுதான் வருகிறது. ‘நேற்று ஆபீஸ் போகலை’ என்று மேலாளரிடம் தகவல் சொல்ல நினைத்து, ‘ஆபீஸுக்குப் போகமாட்டேன்’ என்று அறிவித்துவிட்டு வரலாம். ஆறாவது வாரத்திலும் வகுப்பில் பாதிப் பேர் இதையே சொல்கிறார்கள். ஆசிரியர் ஒவ்வொரு முறையும் திருத்துகிறார், ஏன் வருகிறது என்று ஒருமுறை கூடச் சொல்வதில்லை.

திருத்தும் முறையைப் பற்றியே தனியாகச் சொல்ல வேண்டும். மொழியியலாளர் எஸ். பிட் கார்டர் 1967இலேயே பிரித்துக் காட்டியது இது: நாக்குத் தவறி வரும் பிழை வேறு, கற்பவர் மனத்தில் உட்கார்ந்துவிட்ட விதியிலிருந்து வரும் பிழை வேறு. முதலாவதை விட்டுவிடலாம், பேசியவரே திருத்திக்கொள்வார். இரண்டாவது சொல்லித்தராமல் போகாது, நாளாக ஆக இறுகிவிடும். பெங்களூரில் முப்பது வருடம் இருந்தும் ‘ஹோகல்ல’வைக் கைவிடாதவர்களைப் பார்க்கலாம். இந்த வகுப்பில் இரண்டுக்கும் ஒரே மருந்து, பேச்சை நடுவில் வெட்டித் திருத்துவது. ஆட்டோ உரையாடல் பயிற்சியில் ‘மீட்டர் ஹாகி’ என்று ஆரம்பித்தவர், மூன்று முறை வெட்டப்பட்டு ‘இல்லி நில்ஸி’க்கு வந்து சேர்வதற்குள் வண்டி கோரமங்களா தாண்டியிருக்கும். ஆசிரியர் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு, உரையாடல் முடிந்ததும் பொதுவான இரண்டு பிழையை மட்டும் பலகையில் போட்டால் போதும்.

‘இல்லி’ என்றால் இங்கே, ‘இல்ல’ என்றால் இல்லை. இந்த ஜோடிக்கும் ‘பன்னி’க்கும் (வாங்க என்று மரியாதையாக அழைப்பது, தமிழ்க் காதுக்கு வேறு விலங்கு) மட்டும் நல்ல பயிற்சி தருகிறார்கள். சிரித்துச் சிரித்தே மனதில் நின்றுவிடுகிறது. ஆனால் ‘பாரோ, ஹோகோ’ என்று ஓகாரத்தில் முடிவது நம் ‘வாடா, போடா’ என்று எச்சரிக்கவில்லை. தெருவில் முதலில் காதில் விழுவது அதுதான். தெரியாமல் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் விட்டால் கதை கந்தல்.

எழுத்துப் படிக்க இரண்டே வாரம், அது போதாது. மொத்தம் 49 எழுத்து என்று கேட்டு மகிழ வேண்டாம், சிக்கல் கூட்டெழுத்தில். நாம் புள்ளி வைத்துப் பக்கத்தில் எழுதுவோம். கன்னடத்தில் இரண்டாவது மெய் முதல் எழுத்தின் காலடியில் தொங்கும், உயிர்க்குறியோ மேலே இருக்கும் எழுத்தில் ஒட்டும். பஸ் நிறுத்தப் பலகையில் ‘நில்தாண’ என்ற சொல்லில் துணைக்கால் ‘ல’வோடு இருக்கிறது, ‘த’ கீழே தொங்குகிறது. தமிழர் ‘நிலா’ என்று படித்துவிட்டுக் கீழே பார்த்து முழிப்பார். ‘சர்க்கல்’ (சர்க்கிள்) என்ற பலகையில் ர் ஒலி முன்னே, குறி பின்னே. இந்த இரண்டையும் பத்துப் பலகைப் படங்களை வைத்துப் பழக்கினால் ஒரு வகுப்பில் முடியும் காரியம். கையேட்டில் ஒரு படம்கூட இல்லை.

சேர்க்கும்போது யாருக்கு என்ன தேவை என்று கேட்பதும் இல்லை. ஒயிட்ஃபீல்டில் வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆன கோயம்புத்தூர்க்காரரும், மூன்று தலைமுறையாக ஸ்ரீராம்புரத்தில் இருந்து சரளமாகப் பேசத் தெரிந்த, ஆனால் எழுத்து தெரியாத அம்மாவும் ஒரே பெஞ்சில். ஒருவருக்கு முதல் ஆறு வாரம் உபயோகம், மற்றவருக்குக் கடைசி இரண்டு வாரம் மட்டும். கடைசி நாள் தேர்வு இன்னும் மோசம். 50 மதிப்பெண்ணும் எழுத்தில் மொழிபெயர்ப்பு. பேசப் பழக வந்தவரை இப்படிச் சோதிப்பது துணியைப் படியால் அளப்பது மாதிரி. மூன்று நிமிடம் கடைக்காரராக நடித்துப் பேசவிட்டு, வேலை முடிந்ததா என்று பார்த்தால் போதாதா?

மைசூரில் 1969 முதல் இயங்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில், பள்ளி ஆசிரியர்களுக்கு இன்னொரு இந்திய மொழியைக் கற்பிக்கும் பயிற்சி பத்து மாதம். 24 மணி நேரத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. புதிதாக வந்த தமிழருக்கு, பேச்சுக்காக மட்டும் என்றால், 4,500 ரூபாய் தாராளமாகத் தரலாம். முதல் மூன்று வாரமே அந்தக் காசுக்கு ஈடு. எழுத்து மட்டும் வேண்டுபவர்கள் ஏழாவது வாரத்திலிருந்து தனியாகச் சேர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், பாதிக் கட்டணத்துக்குச் சம்மதிக்கிறார்கள். சேர்ந்த அன்றே கையேட்டையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் உட்கார்ந்து, மெலிந்து ஒலிக்கும் ஒவ்வொரு க, ச, ட, த, ப தலையிலும் ஒரு மூன்று போட்டுக்கொள்ளுங்கள். ‘ஹோட்டலில்’ பாடத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.