மடிநோய்க்குக் கற்றாழைப் பூச்சு: ஆள் இருந்தால் மருந்து, இல்லையென்றால் மஞ்சள் தண்ணீர்

பெங்களூரைச் சுற்றி ஒசக்கோட்டை, ஆனேக்கல், அத்திப்பள்ளி வரை மாடு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு மடிவீக்கம் வந்தால் இரண்டு யோசனைகள் உடனே கிடைக்கும். காம்புக்குள் ஏற்றும் ஆன்டிபயாடிக் ட்யூப் ஒன்று. சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து மடியில் பூசுவது இன்னொன்று. பூச்சு முறைக்குத் தமிழ்நாட்டில் பெயர் வாங்கித் தந்தவர் தஞ்சாவூரில் பணியாற்றிய கால்நடைப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி. எலஹங்கா பக்கம் இருக்கும் டிரான்ஸ்-டிசிப்ளினரி பல்கலைக்கழகமும் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியமும் பால் சங்கங்கள் வழியாக அதைப் பரப்பின. இங்கே எடைபோடுவது அந்தப் பூச்சைத்தான். கடையில் விற்கும் மூலிகை ஜெல்கள் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தொடக்க நிலை மடிநோய்க்கு ட்யூபுக்கு முன்பு முயல வேண்டியது இதுதான். பொருள் செலவு ஒரு நாளைக்கு நூறு ரூபாயைத் தொடாது. உண்மையான விலை ஆள்கூலி.

ஒரு மாட்டுக்கு, ஒரு நாளைக்கு: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். கற்றாழையின் முள்ளோரத்தை மட்டும் சீவிவிட்டு, தோலோடு துண்டாக்கி மிக்ஸியில் அரைத்து, மற்ற இரண்டையும் சேர்த்து இன்னொரு சுற்று விட வேண்டும். மஞ்சள் நிறம் செங்கல் சிவப்பாக மாறும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தைச் சந்தித்தால் சிவக்கும் என்பதால், கலவை சரியா என்பதற்கு இந்த நிறமே சோதனை. சிவக்கவில்லை என்றால் சுண்ணாம்பு காற்றுப்பட்டுச் செத்துவிட்டது, அல்லது மஞ்சளில் கலப்படம். கே.ஆர். மார்க்கெட்டில் விரலி மஞ்சளாக வாங்கிக் கண்ணெதிரே அரைத்துக்கொள்வது நல்லது. பளீரென்ற தூளில் லெட் குரோமேட் கலந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். பால் கறக்கும் மடியில் ஈயத்தைப் பூசுவது யாருக்கும் வேண்டாத வேலை.

சுண்ணாம்பு என்றால் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பில் கல்லும் சூடும் உண்டு. 15 கிராமைக் கண்ணளவில் போடாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். அதிகமானால் காம்புத் தோல் வெந்து வெடிக்கும். வெடித்த தோலில் கிருமி குடியேறும். வந்த நோயை விட வரப்போகும் நோய் பெரிதாகும்.

அரைத்த விழுதை அப்படியே அப்பக் கூடாது. ஒரு கைப்பிடி எடுத்து 150 முதல் 200 மில்லி தண்ணீரில் கரைத்து, மடி முழுக்க வழிய வழியப் பூச வேண்டும். வீங்கிய காம்பு ஒன்றே என்றாலும் நான்குக்கும் பூசுவதுதான் முறை. ஒரு நாளில் எட்டு முதல் பத்து முறை, ஐந்து நாள். கூடவே இரண்டு எலுமிச்சையை இரண்டாக நறுக்கி மூன்று நாள் தின்னக் கொடுக்கச் சொல்கிறார்கள். எலுமிச்சை கிடைக்காத நாளில் கவலைப்பட வேண்டாம், பூசுவதைத் தவறவிடாதீர்கள். பாலில் ரத்தம் வந்தால் இரண்டு கைப்பிடி கறிவேப்பிலையை வெல்லத்தோடு அரைத்து, நிற்கும் வரை தினம் இரு வேளை கொடுப்பது இதோடு சேர்ந்த குறிப்பு.

பெரும்பாலான தோல்விகள் இந்த ‘பத்து முறை’யில்தான் தொடங்குகின்றன. காலையும் மாலையும் கறக்கும்போது இரண்டு முறை தடவிவிட்டு, மூலிகை வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களே அதிகம். பூச்சு காய்ந்தால் உதிர்ந்துவிடும். அதில் வேலை செய்வது ஈரமாக இருக்கும் நேரம் மட்டும். இன்னொரு தவறு, கெட்ட பாலை மடியிலேயே விட்டுவிட்டு மேலே பூசுவது. திரிந்த பாலோடு கிருமியும் நஞ்சும் உள்ளே தங்கும். ஒவ்வொரு முறையும் நோய்ப்பட்ட காம்பை முழுக்கப் பீய்ச்சி ஒரு பாத்திரத்தில் பிடித்து வெளியே கொட்டி, மடியைக் கழுவித் துடைத்து, பிறகு பூச வேண்டும். தரையில் பீய்ச்சினால் அடுத்த மாட்டுக்கு நீங்களே விதைக்கிறீர்கள். விழுதை அன்றன்று அரையுங்கள். நேற்றையது புளித்திருக்கும்.

மூலிகை என்பதால் பாலை உடனே சொசைட்டிக்கு ஊற்றலாம் என்ற நினைப்பும் பரவலாக இருக்கிறது. பாதிதான் சரி. மருந்து எச்சம் இல்லை என்பது உண்மையான லாபம். ட்யூப் ஏற்றினால் ஒரே காம்பில் ஏற்றினாலும் நான்கு காம்புப் பாலையும், லேபிளில் எழுதியுள்ள கெடு முடியும் வரை கொட்ட வேண்டும். மருந்து ரத்தம் வழியாக மற்றக் காம்புகளுக்கும் போகும். பென்சிலினுக்கு, உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் வரம்பு ஒரு லிட்டர் பாலுக்கு 4 மைக்ரோகிராம்தான். எச்சம் அதிகமானால் உறைமோர்க் கிருமியே முடங்கித் தயிர் சரியாக உறையாது. பூச்சில் இந்தக் கெடு கிடையாது. ஆனால் நோய்ப்பட்ட காம்பின் பால் திரிந்த பால்தான், அதை ஊற்றக் கூடாது. மற்ற மூன்றையும் கறக்கும் முன் மஞ்சள் போகக் கழுவி, துணியால் ஒற்றி எடுங்கள்.

எந்த மாட்டுக்குப் போடலாம்? கறுப்புத் தட்டில் முதல் பீய்ச்சலை விட்டால் திரள் தெரிகிறது, காம்பு சற்றுச் சூடாக இருக்கிறது, ஆனால் மாடு தின்கிறது, காய்ச்சல் இல்லை: இதற்குப் பூச்சு பொருத்தம். வெளியே எதுவும் தெரியாத மறைமுக மடிநோயைக் கண்டுபிடிக்க சலவைத்தூள் போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் கரைத்து, ஒவ்வொரு காம்பிலிருந்தும் எடுத்த பாலோடு சம அளவு சேர்த்து ஒரு நிமிடம் சுழற்றுங்கள். கொழகொழப்பானால் அந்தக் காம்பில் நோய். கன்று ஈன்ற முதல் சில நாட்களில் சீம்பாலும் இப்படித்தான் கொழகொழக்கும், ஏமாற வேண்டாம். ஈன்ற சமயத்தில் மடி வீங்கி, விரலால் அமுக்கினால் குழி விழுந்து, வலியில்லாமல் இருந்தால் அது நீர்வீக்கம், மடிநோய் அல்ல.

பூச்சை நம்பக் கூடாத இடம் தெளிவானது. 103 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், தீனி எடுக்காமை, பால் தண்ணீராக வருதல், காம்பு நீலம் பாய்ந்து சில்லென்று இருத்தல், படுத்த மாடு எழாமை. இதில் ஒன்று இருந்தாலும் கால்நடை உதவி எண் 1962க்குப் போன் போட்டுக் கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். ஈ.கோலை என்ற கிருமியின் நஞ்சு மாட்டை ஒரே நாளில் சாய்த்துவிடும். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி மடித் திசுவுக்குள் சிறு சீழ்க்கட்டிகளாகப் புதைந்துகொண்டால், மேலே பூசுவது அங்கே எட்டாது. ஆன்டிபயாடிக்கே பல சமயம் எட்டுவதில்லை.

பக்கத்து வீட்டு மாட்டுக்குச் சரியாயிற்று என்பதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேட்க வேண்டும். லேசான ஈ.கோலை மடிநோயைப் பல மாடுகள் எந்த மருந்தும் இல்லாமல், தம் எதிர்ப்புச் சக்தியாலேயே சில நாளில் வெல்லும். அங்கே பூச்சு வாங்கும் புகழ் கொஞ்சம் இரவல். என்றாலும், தானே சரியாகக்கூடிய நோய்க்கு ஆன்டிபயாடிக் ஏற்றாமல் தடுத்ததே பெரிய வேலை.

மருந்துக்கடை ஜெல்லுக்கு வருவோம். கன்னடத்தில் ‘கெச்சலு பாவு’ என்று கேட்டால் கடைக்காரர் எடுத்து வைப்பார். மஞ்சள், தேவதாரு, யூகலிப்டஸ் போன்றவை கலந்தவை. தோலில் ஒட்டி நிற்பதால் பூசும் தடவை குறைகிறது. இரண்டு பேர் இருபது மாட்டைப் பார்க்கும் கொட்டகைக்கு இது பெரிய வசதி. குறை, லேபிளில் மூலிகைப் பெயர் இருக்கும், எத்தனை மில்லிகிராம் என்பது பல டப்பாக்களில் இருக்காது. அளவு அச்சிடாத டப்பாவை எங்கள் பணத்துக்கு வாங்க மாட்டோம். வாசனை தூக்கலான ஜெல்லைக் கறந்த பிறகே பூசுங்கள், பால் வாசனையை இழுத்துக்கொள்ளும்.

தீவனத்தில் கலக்கும் ‘ஆன்டிபயாடிக் மாற்று’ப் பொடிகளை மடிநோய்க்கென்று விற்பது வேறு கதை. ஓரிகானோ, ஓமம் வகை எண்ணெய்களில் உள்ள கிருமிக்கொல்லிச் சத்துகளான கார்வக்ரால், தைமால் எல்லாம் முக்கியமாகக் கோழி, பன்றித் தீவனத்துக்கு வந்தவை. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகத் தரும் ஆன்டிபயாடிக்கை 2006இல் நிறுத்திய பிறகு சந்தை பிடித்தவை. இந்தியாவும் 2019இல் உணவுக்கான கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தடை செய்தது. கோழிக் குடலில் அவற்றுக்கு வேலை உண்டு. மாட்டின் முதல் வயிற்றைத் தாண்டி மடி வரை போய்க் கிருமியைக் கொல்லும் என்று சொன்னால் பையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இதே மரபு மருத்துவத் தொகுப்பில் ஒரு முறையை மட்டும் நாங்கள் ஏற்கவில்லை: காம்பு அடைத்தால் வேப்பிலைக் காம்பில் மஞ்சளும் வெண்ணெயும் தடவி உள்ளே செருகுவது. காம்புத் துவாரத்தின் உட்சுவரில் உள்ள கெரட்டின் படலம்தான் மடியின் வாசற்கதவு. கிருமிநீக்கம் செய்யாத எதை நுழைத்தாலும் அது கிழியும்.

மூன்று நாள் சரியாகப் பூசியும் திரள் குறையவில்லை என்றால் ஐந்தாம் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன், காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் சில பீய்ச்சலை விட்டு, கிருமிநீக்கிய குப்பியில் கொஞ்சம் பால் பிடித்து, ஐஸில் வைத்து ஹெப்பாளில் உள்ள கால்நடை நோயறி கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். எந்த மருந்து அந்தக் கிருமிக்கு எடுபடும் என்று தெரிந்த பிறகு ஏற்றும் ட்யூபுக்குக் கொடுக்கிற காசு வீணாகாது.