ரவுண்டானா பக்கத்து ஸ்டேஷனரி கடை: கவருக்குப் போகலாம், ஜெராக்ஸுக்கு வேண்டாம்

காசநோய் மருந்து ஆய்வுகளில் புள்ளியியல் பார்ப்பது என் தொழில். எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்பது குலுக்கலில்தான் முடிவாகும். முன்பெல்லாம் குலுக்கல் முடிவைச் சீட்டில் எழுதிக் கவருக்குள் ஒட்டி வைப்பார்கள்; நோயாளி சேர்ந்த பிறகுதான் பிரிப்பார்கள். இப்போது அதைக் கணினியே செய்துவிடுகிறது. ஆனாலும் மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது ஒட்டிய கவரைக் கையில் கொடுத்தால்தான் விஷயம் பிடிபடும்.

அதற்காகக் கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு கடைக்குப் போனேன். "உள்ள எழுதுனது வெளிய தெரியக் கூடாதுங்கண்ணா" என்றேன். கடைக்காரர் ஒரு சீட்டில் கொட்டை எழுத்தில் கிறுக்கி, பழுப்புக் கவருக்குள் போட்டு, டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். லேசாகத் தெரிந்தது. "இது ஆவாதுங்க" என்று அவரே ஒதுக்கிவிட்டு, உள்பக்கம் துணி ஒட்டிய தடித்த கவரை எடுத்துப் போட்டார். சீட்டோடு கார்பன் பேப்பரையும் மடித்து வைக்கச் சொன்னதும் அவர்தான்.

ஒரு கவருக்கு இவ்வளவு அலட்டலா என்பீர்கள். அடுத்த சீட்டு என்னவென்று தெரிந்தால், தேறக்கூடிய நோயாளியை மருத்துவர் தன்னை அறியாமலே புது மருந்துப் பக்கம் தள்ளிவிடலாம். அப்புறம் என் கணக்கு எதற்கும் உதவாது. 1948-இல் வெளியான, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தின் ஆய்வில் பிரிட்டன் புள்ளியியலாளர் பிராட்ஃபோர்டு ஹில் ஒட்டிய உறைகளை வைத்ததும் இதற்குத்தான். ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். பெறாத 52 பேரில் 14 பேர்.

ஜெராக்ஸ் மட்டும் அங்கே எடுக்காதீர்கள். என் அட்டவணையில் பாதி தசமப்புள்ளிகளைக் கறுப்புக் கோடு விழுங்கிவிட்டது. ஜிபே உண்டு, மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஷட்டர் இறங்கியிருக்கும்.