பாடத்தாளா, சோலார் பேனலா, மெஸ் கழிவா?

வளாகத்தைச் சூழலுக்குக் கேடில்லாமல் நடத்த விரும்பும் கல்லூரியின் முன் வழக்கமாக மூன்று யோசனைகள் வந்து நிற்கும். மூன்றையும் அருகிலிருந்து பார்த்த ஆசிரியன் நான். கையில் கொஞ்சம் பணமும் நிறைய மாணவர்களும் இருக்கும் கல்லூரிக்காக இதை எழுதுகிறேன்.

முதலாவது, சுற்றுச்சூழல் பாடத்தாள். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. 2003-ல் மீண்டும் வலியுறுத்தியது. அதன் பின் பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் பொதுவாக வகுத்த பாடத்திட்டத்தில் 50 வகுப்புகள் இருந்தன. களப்பணிக்கு அவற்றில் 5. அந்த ஐந்தும் பெரும்பாலும் பதிவேட்டோடு முடிந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று தேர்வில் பிழையில்லாமல் எழுதிய கை, மதியம் மெஸ்ஸில் இரண்டையும் ஒரே ட்ரம்மில் வழித்துப் போடும். செலவில்லாத வழிதான், பலனும் அந்த அளவே.

சோலார் பேனலின் வலிமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டு வெயிலில் 1 கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் மொட்டைமாடி இருந்தால் 100 கிலோவாட் அமைத்து 400 யூனிட் எடுக்கலாம். கரியமில வாயுவைக் குறைப்பதில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் வர முடியாது. ஆனால் பேனலைத் தனியார் நிறுவனமே தன் செலவில் அமைத்து, கல்லூரி யூனிட்டுக்கு மட்டும் விலை கொடுக்கும் ஒப்பந்த முறை இருக்கிறது. பிறர் முதலீட்டில் வரக்கூடிய ஒன்றில் கல்லூரி தன் கைப்பணத்தை ஏன் முடக்க வேண்டும்? மாணவர் அதனருகே போவதும் அரிது. மாடிப்படிக் கதவு பூட்டியே இருக்கும்.

என் தேர்வு மூன்றாவது: விடுதியின் உணவுக் கழிவை நுண்ணுயிர்கள் சிதைத்து எரிவாயு தரும் பயோகாஸ் கலன். எண்ணிக்கையில் இதன் பலன் சிறியதுதான். 100 கிலோ மீந்த உணவு ஏறத்தாழ 10 கன மீட்டர் வாயு தரும். அது நான்கைந்து கிலோ எல்.பி.ஜி.க்குச் சமம். தினமும் அந்த அளவு போட்டாலும் 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்றை மிச்சப்படுத்த ஏறத்தாழ நான்கு நாளாகும்.

ஆனால் ஒரு நாள் காலை நாங்கள் வைத்திருந்த கலனின் அடுப்பு பற்றவில்லை. முந்தைய நாள் விழாவில் மீந்த சோறு முழுவதையும் உள்ளே கொட்டியிருந்தார்கள். வேதியியல் மாணவி ஒருத்தி கலனின் கரைசலில் நனைத்த, அமிலத்தன்மையை நிறத்தால் காட்டும் காட்டித்தாள் பச்சைக்குப் பதிலாக மஞ்சளாக மாறியது. அமிலம் ஏறியதால் எரியும் வாயுவான மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் முடங்கிப்போயிருந்தன. உணவு போடுவதை நிறுத்தி, சாணக் கரைசலும் சிறிது சுண்ணாம்பும் சேர்த்துக் காத்திருந்தோம். நீலச் சுடர் திரும்பிய அன்று அவள் குறிப்பேட்டில் இருந்தது நல்லதோர் ஆய்வின் தொடக்கம். எந்தப் பாடத்தாளும் அவளை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிராது.

இன்னொரு பயனை நான் எதிர்பார்க்கவில்லை. கலனுக்காகக் கழிவைத் தினமும் எடைபோட ஆரம்பித்ததும், பாத்திரம் கழுவும் அம்மா சொன்னார்: “சார், பூரி போடும் நாளில் ட்ரம் பாதிகூட நிறையாது. உப்புமா என்றால் பொங்கி வழியும்.” எடைக் குறிப்பு அவர் சொன்னதையே காட்டியது. உப்புமாவின் அளவைக் குறைத்தோம். கழிவு குறைந்தது, வாயுவும் குறைந்தது. அதில் எனக்கு வருத்தமே இல்லை. சமைத்ததை வாயுவாக்குவதைவிட, வீணாகச் சமைக்காமல் இருப்பது பல மடங்கு மேல்.

நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் கல்லூரியைப் பெருமளவு கழிவு உண்டாக்குபவராக 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே வகைப்படுத்தின. ஆகவே பெரிய விடுதி உள்ள இடத்தில் இந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் முடியாது.

இதன் பெரிய பலவீனம் கோடை விடுமுறை. விடுதி காலியானதும் கலனுக்கு உணவு நின்றுவிடும், நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். அருகில் மாட்டுத் தொழுவம் இருக்கிறதா, மே மாதம் முழுவதும் சாணம் கரைத்து ஊற்ற யார் வருவார், அவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து என்பதை எழுதி வைத்துக்கொண்ட பிறகே கலனுக்கு ஆர்டர் கொடுங்கள்.