எச்சரிக்கை: 'ஃபுல் சிந்தெடிக்' என்று சொல்லி பைக்கில் கார் ஆயில் ஊற்றினார்கள், 3,660 ரூபாய் போச்சு

3,660 ரூபாய். ஒரு லிட்டர் ஆயில் மாற்றப் போன இடத்தில் ஆரம்பித்த செலவு இது. கடையின் பெயரைப் போடப் போவதில்லை, போட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். வேலூரிலிருந்து காட்பாடி போகும் பக்கம் 'எல்லா கம்பெனி வண்டிகளுக்கும் சர்வீஸ்' என்று போர்டு தொங்கும் கடைகளில் ஒன்று. கம்பெனி சர்வீஸ் சென்டரும் இல்லை, மரத்தடி மெக்கானிக்கும் இல்லை. கண்ணாடி அறை, ஏசி, டோக்கன் எல்லாம் உண்டு. எந்த பைக்குக்கு எந்த ஆயில் என்று விளக்கமாக எழுதுவதாக முன்பே சொல்லியிருந்தேன். அதற்கு உட்கார்ந்தால் கை இங்கேதான் வருகிறது.

வண்டி 150 சிசி பல்சர். அதன் கையேடு கேட்பது 20டபிள்யூ-50 (ஆயிலின் அடர்த்தி, டபிள்யூவுக்கு முன் குளிருக்கான எண், பின் சூட்டுக்கான எண்), ஏ.பி.ஐ. எஸ்.எல். (இன்ஜின் ஆயிலுக்கான அமெரிக்கத் தரம்), ஜாஸோ எம்.ஏ. (பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரம்). மாற்றுவதற்குச் சுமார் 1 லிட்டர். மூன்றையும் கவுண்டரில் இருந்தவரிடம் தெளிவாகச் சொன்னேன்.

"20-50லாம் பழைய காலம் சார். இது ஃபுல் சிந்தெடிக். கார்காரங்களே இத்தான் போட்டுகினு போறாங்க. மைலேஜ் ஏறும், பிக்கப் பிச்சிக்கும்."

"எம்.ஏ. இருக்கா?"

"எல்லாம் இருக்குது சார். மல்டி கிரேடு."

அந்த இடத்திலேயே சாவியைத் திருப்பி வாங்கியிருக்க வேண்டும். மல்டி கிரேடு என்பது ஆயிலின் அடர்த்தி, அதாவது எவ்வளவு கெட்டியாக ஓடும் என்பது, குளிரில் ஒரு மாதிரி, சூட்டில் ஒரு மாதிரி என்று சொல்லும் கணக்கு. எம்.ஏ. என்பது அந்த ஆயிலில் கிளட்ச் பிளேட் வழுக்காமல் பிடிக்குமா என்பதற்கான சான்று. கேட்டது ஒன்று, பதில் இன்னொன்று. போதாக்குறைக்கு 'கார்காரங்களே' என்று தன் வாயாலேயே உண்மையைச் சொல்லிவிட்டார், காதில்தான் ஏறவில்லை. பிறகு விரலில் ஒரு சொட்டு எடுத்துத் தேய்த்து, "வழவழப்பப் பாருங்க சார்" என்று காட்டினார். ஏசி அறை, சிரித்த முகம், விரலில் ஒரு சொட்டு ஆயில். நம்பிவிட்டேன். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்ததுதான் தப்பு. டப்பாவின் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை, சீல் உடைத்ததையும் பார்க்கவில்லை.

அந்த வழவழப்புதான் பைக் கிளட்ச்சுக்கு எமன். காரில் இன்ஜினுக்கு ஒரு ஆயில், கியர்பாக்ஸுக்கு வேறு ஆயில். கையால் கியர் போடும் சாதாரணக் காரில் கிளட்ச் ஆயில் படாமல் வெளியே உலர்ந்து கிடக்கும். பைக்கில் அப்படி இல்லை. ஒரே ஆயில்தான் பிஸ்டனையும் பார்க்க வேண்டும், கியர் பற்களையும் பார்க்க வேண்டும், கிளட்ச் பிளேட்டுகளும் அதே ஆயிலில்தான் ஊறிக்கொண்டிருக்கும். மெல்லிய கார் ஆயில்களில் பெட்ரோல் மிச்சம் பிடிப்பதற்காக உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்ப்பார்கள், பலவற்றில் மாலிப்டினம் சேர்மம். இன்ஜினுக்கு நல்லது. ஆனால் கிளட்ச் என்பதே உராய்வில் பிழைக்கும் சமாச்சாரம். பிளேட்டில் அந்தப் படலம் படிந்தால் பிடி நழுவும். நழுவினால் சூடு, சூட்டில் பிளேட்டில் ஒட்டியிருக்கும் கார்க் கருகிப் பளபளப்பாகும், பளபளப்பானால் இன்னும் நழுவும்.

இதற்காகவே ஜப்பானில் 1998-ல் ஜாஸோ டி 903 என்ற தரம் கொண்டுவந்தார்கள். எம்.ஏ. என்றால் ஆயிலில் ஊறும் கிளட்ச்சுக்கு ஏற்றது. அதற்குள்ளேயே பிடி குறைந்த பக்கம் எம்.ஏ.1, கூடிய பக்கம் எம்.ஏ.2. எம்.பி. என்றால் உராய்வு குறைந்தது, பெல்ட்டில் ஓடும் ஸ்கூட்டர்களுக்கு. இதில் அடிக்கடி நடக்கும் குளறுபடி ஒன்று: ஸ்கூட்டர் ஆயிலும் 10டபிள்யூ-30, பல 100, 125 சிசி பைக்குகளின் ஆயிலும் 10டபிள்யூ-30. டப்பா பார்க்க ஒரே மாதிரி. கடைப் பையன் கைக்கு அகப்பட்டதை எடுத்து ஊற்றிவிடுவான். எம்.ஏ. ஆயில் ஸ்கூட்டரில் போனால் பெரிய கேடு இல்லை, மைலேஜ் கொஞ்சம் குறையலாம். எம்.பி. ஆயில் கியர் பைக்கில் போனால் கிளட்ச் காலி.

கதைக்கு வருகிறேன். முதல் பில்: ஆயில் 890, ஃபில்டர் 70, 'இன்ஜின் ஃப்ளஷ்' 250, கூலி 180. மொத்தம் 1,390. ஃப்ளஷ் கேட்கவே இல்லை. அது கையேட்டிலும் இல்லை. பழைய ஆயிலை இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்கி, முழுசாக வடியவிட்டாலே போதும். ஃப்ளஷ் ஊற்றி ஓடவிட்டால் அதிலும் கிளட்ச் பிளேட் நனையும், கொஞ்சம் உள்ளேயே தங்கிப் புது ஆயிலையும் நீர்க்கச் செய்யும்.

ஐந்தாம் நாள் காட்பாடி ரயில்வே மேம்பாலம் ஏறும்போது நாலாவது கியரில் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி ஏறவில்லை. இன்ஜின் சுற்றைக் காட்டும் டாகோ முள் மேலே போகிறது, ஸ்பீடோ முள் அப்படியே நிற்கிறது. கிளட்ச் ஸ்லிப்புக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. நின்ற வண்டியில் நியூட்ரல் விழ மறுத்தது, இன்ஜின் சூடானால் வால்வுப் பக்கம் 'டக் டக்' என்று டேப்பட் சத்தம் வேறு.

முதல் தடவை திரும்பிப் போனபோது பையன் லீவரைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கேபிள் லூசு சார்" என்று அட்ஜஸ்டரை முறுக்கிவிட்டான். இங்கேதான் கோபம் தலைக்கேறுகிறது. லீவரில் கையேடு சொல்லும் அளவுக்குக் கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும். அந்த ஆட்டத்தையும் எடுத்துவிட்டால் கிளட்ச்சைப் பாதி அமுக்கிக்கொண்டே ஓட்டுவதற்குச் சமம். ஸ்பிரிங் பிளேட்டுகளை முழுசாக அழுத்தாது. வழுக்கிக்கொண்டிருந்த கிளட்ச்சை இன்னும் வழுக்கவிட்டு அனுப்பினார்கள்.

அடுத்த தடவை போனால், "நூறு கிலோமீட்டர் ஓட்டுங்க, செட் ஆயிடும்." அப்புறம் "ஓனர் திருப்பதி போயிருக்காரு." போன் அடித்தால் எடுப்பதில்லை. மூன்றாம் தடவை ஓனரே இருந்தார். "வண்டி பழசு சார், கிளட்ச்சு எப்பவோ போயிருக்கும். எங்க ஆயில்ல இன்னா தப்பு?" என்று கேட்டுவிட்டு, நிரூபிக்கிறேன் பேர்வழி என்று அலமாரியிலிருந்து அதே டப்பாவை எடுத்து வரச் சொன்னார். பையன் பெருமையாகக் கொண்டுவந்து வைத்தான்.

பின்பக்கம் திருப்பினேன். 5டபிள்யூ-30. ஏ.பி.ஐ. எஸ்.பி. வட்ட முத்திரையின் கீழ் வளைவில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்'. ஜாஸோ என்ற சொல்லே எங்கும் இல்லை. முன்பக்கம் கார் படம்.

பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் ஆயில் என்று சொல்லும் இந்த 'ரிசோர்ஸ் கன்சர்விங்', பழைய டப்பாக்களில் 'எனர்ஜி கன்சர்விங்', இரண்டில் எது இருந்தாலும் கியர் பைக்கில் ஊற்றக் கூடாது. எஸ்.எல். 2001-ல் வந்தது, எஸ்.பி. 2020-ல் வந்தது, புதுசுதானே நல்லது என்று ஓனர் வாதாடினார். எழுத்து ஏறினால் கார் இன்ஜினுக்கு நல்லது. கிளட்ச் பற்றி அந்த எழுத்து ஒன்றும் சொல்லாது. எஸ்.என்., எஸ்.பி. போட்ட பைக் ஆயில்களும் உண்டு, தாராளமாக ஊற்றலாம், பக்கத்தில் எம்.ஏ. இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

அடர்த்தியிலும் ஏமாற்று. 100 டிகிரி சூட்டில் 30 கிரேடு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (அடர்த்தியை அளக்கும் அலகு) வரை. 50 கிரேடு 16.3-க்குக் குறையாது. 50 கேட்கும் இன்ஜினில் 30 ஊற்றினால் டேப்பட் சத்தம் போடாமல் என்ன செய்யும்? அதோடு பைக்கில் கியர் பற்கள் ஆயிலை நசுக்கிக்கொண்டே இருக்கும். அடர்த்திக்காகச் சேர்த்த பாலிமர் அறுபட்டு, ஓட ஓட ஆயில் இன்னும் நீர்த்துப் போகும்.

இதைப் படித்துவிட்டு, வேலூர் வெயிலுக்கு எல்லா வண்டிக்கும் 50 ஊற்றிவிடலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். அந்தப் பேச்சும் ஊரில் ரொம்ப நாளாக ஓடுகிறது. 10டபிள்யூ-30 கேட்கும் ஸ்ப்ளெண்டரில் 20டபிள்யூ-50 ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஆயில் மேலே ஹெட்டுக்கு ஏற நேரம் பிடிக்கும், இழுவையும் மைலேஜும் குறையும். கையேட்டில் வெப்பநிலைக்குத் தகுந்த கிரேடு அட்டவணை இருந்தால் அதைப் பாருங்கள், இல்லையென்றால் சொன்ன கிரேடுதான். டபிள்யூவுக்கு முன்னால் வரும் குளிருக்கான எண் நமக்கு அவ்வளவு முக்கியம் இல்லை, மார்கழியிலும் இங்கே பனிக்கட்டியா உறைகிறது?

டப்பாவைக் காட்டிக் கேட்டதும் ஓனர் பேச்சு மாறியது. "பில்லு இருக்குதா?" டோக்கன் பின்னால் பேனாவில் எழுதிய கணக்குதான் இருக்கிறது. பணம் போனது கடைக் கணக்குக்கு இல்லை, யாரோ ஒருவரின் சொந்த நம்பருக்கு. "அப்ப எங்க கடையில ஊத்துனதுக்கு இன்னா அத்தாட்சி?" ஒரு நிமிஷத்துக்கு முன் அதே ஆயிலுக்கு வக்காலத்து வாங்கிய அதே வாய்.

பிறகு தொரப்பாடியில் தெரிந்த மெக்கானிக்கிடம் பிரித்தேன். கார்க் பிளேட்டுகள் கண்ணாடி மாதிரி, ஸ்டீல் பிளேட்டுகளில் இரண்டு சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தன. ஆரம்பத்திலேயே ஆயிலை இறக்கி, சரியான எம்.ஏ. ஆயில் ஊற்றி ஓட்டியிருந்தால், பிளேட் கருகாத பட்சத்தில் பிடி திரும்பி வந்திருக்க வாய்ப்பு உண்டு. கேபிளை முறுக்கி அனுப்பியதில் அந்த வாய்ப்பும் போச்சு. பிளேட் செட்டும் ஸ்பிரிங்கும் 960, கேஸ்கட் 110, 20டபிள்யூ-50 எம்.ஏ. ஆயில் 480, ஃபில்டர் 70, கூலி 650. ஆக 2,270. முதல் பில் 1,390-ஐச் சேர்த்தால் 3,660. சரியான ஆயிலின் விலை 480.

விளக்கமாக எழுத இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

டப்பாவை முதலில் பின்பக்கம் திருப்புங்கள். ஜாஸோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 இல்லையென்றால் வேண்டாம். 'ஃபுல் சிந்தெடிக்' என்பது ஆயில் எதிலிருந்து செய்தது என்று சொல்லும், எந்த வண்டிக்கு என்று சொல்லாது.

சீலை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். பேரலிலிருந்து பம்ப் அடித்து ஊற்றும் லூஸ் ஆயில் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். காலி டப்பாவைக் கேட்டு வாங்கி ஓட்டை போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அதிலேயே கலப்பட ஆயில் நிரம்பி வரும்.

லெவல் பார்க்கும்போது வண்டி சென்டர் ஸ்டாண்டில் நேராக நிற்கட்டும், இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிட்டு அணைத்து, இன்னும் இரண்டு மூன்று நிமிஷம் விட்டுப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் நுரைக்கும், ஏர் ஃபில்டர் வரை எண்ணெய் வரும். டிரெயின் போல்ட்டை நீளமான ஸ்பேனர் போட்டு மிதித்து இறுக்க விடாதீர்கள். அடியில் இருப்பது அலுமினியம், மரை போய்விடும்.

கேட்காத ஃப்ளஷ் வேண்டாம். பில்லில் ஆயிலின் பெயர், கிரேடு, வண்டி நம்பர் மூன்றும் எழுதச் சொல்லுங்கள். பணம் கடையின் பெயரில் இருக்கும் கணக்குக்குத்தான் போக வேண்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் கூப்பிட்டுப் புகார் பதிவு செய்தாயிற்று. சமரசம் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், கொடுத்த பணம் 5 லட்சம் வரை இருந்தால் அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது. நீலம் பாய்ந்த பிளேட்டுகளும் அந்த டப்பாவின் பின்பக்கப் போட்டோவும் பத்திரமாக இருக்கின்றன. அதே பக்கம் இருக்கும் கடையில் 890 ரூபாய்க்கு 'ஃபுல் சிந்தெடிக்' ஊற்றிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால், இன்றைக்கே நாலாவது கியரில் ஒரு ஏற்றம் ஏறிப் பாருங்கள். முள் தனியாக ஏறினால் கேபிளில் கை வைக்கவிடாமல் முதலில் ஆயிலை இறக்குங்கள்.