ஜூம் டார்ச், ரிஃப்ளெக்டர் டார்ச்: காற்றில் தெரியும் திட்டுகளுக்கு எது காரணம்?

சுவரில் அடித்தால் குறையே தெரியாத டார்ச், பனிமூட்டத்திலோ புழுதியிலோ கோடும் திட்டுமாகத் தெரியும். வாங்கியது பழுதோ என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். டார்ச்சைத் திசை மாற்றாமல், கைக்குள்ளேயே மெதுவாக உருட்டிப் பாருங்கள். திட்டும் கூடவே சுழன்றால் குறை டார்ச்சில். சுழலாமல் மிதந்து அலைந்தால் அது காற்றின் வேலை. சுத்தமான காற்றில் ஒளிக்கற்றை பக்கவாட்டில் கண்ணுக்கே தெரியாது. தூசியும் நீர்த்துளியும் சிதறடிக்கும் ஒளியைத்தான் பார்க்கிறோம். பள்ளிப் பாடத்தில் படித்த டிண்டால் விளைவுதான் இது. தூசி ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் கலைந்தும் கிடப்பதால் கற்றையும் அப்படியே தெரிகிறது. வட்ட வளையமான குறைகள் மட்டும், உருட்டினாலும் ஒரே மாதிரி தெரிவதால், இந்தச் சோதனையில் சிக்காது. அவற்றுக்கு 1 மீட்டரிலும் 5 மீட்டரிலும் வெள்ளைச் சுவரில் அடித்துப் பார்க்க வேண்டும்.

முன்னால் லென்ஸ் வைத்த ஜூம் டார்ச்சின் தலையை முழுக்க இழுத்தால் எல்.ஈ.டி. சில்லு லென்ஸின் குவியத்துக்கு வந்துவிடும். லென்ஸ் அந்தச் சில்லின் உருவத்தையே எறிவதால் கற்றை சதுரத் தூணாக நிற்கும். நான்கு சில்லுகள் உள்ள எல்.ஈ.டி. என்றால் இடைவெளிகள் கூட்டல் குறி போல இருண்டு தெரியும். இது பழுதல்ல, தலையை ஓரிரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் மங்கி மறையும். இழுத்த நிலையில் ஒளியின் பெரும்பங்கு தலையின் உட்சுவரில் பட்டு வீணாவதுதான் இந்த வகையின் உண்மையான குறை.

பளபளப்பான கிண்ணத்தால் ஒளியைக் குவிக்கும் ரிஃப்ளெக்டர் டார்ச்சில் நடுவே பிரகாசமான புள்ளியும் சுற்றிலும் மங்கலான பரவலும் இருப்பது இயல்பு. ஓரம் மஞ்சளாகத் தெரிவதும் அப்படியே: நீலச் சில்லின் ஒளி சாய்வாக வெளியேறும்போது அதில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பாஸ்பர் பூச்சில் அதிக தூரம் கடக்கிறது. ஆனால் ஒளிவட்டத்தின் நடுவில் இருண்ட ஓட்டை தெரிந்தால் சில்லு குவியத்தில் இல்லை என்று பொருள். பல சமயம் தலை முழுதாகத் திருகப்படாததே காரணம். அதை முதலில் இறுக்குங்கள். சரியாகவில்லையென்றால் ரிஃப்ளெக்டரைக் கழற்றி, எல்.ஈ.டி.யைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வளையம் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த வளையத்தை எடுத்துவிட்டு மூடவே கூடாது: ரிஃப்ளெக்டரின் உலோக அடி பற்றவைப்புப் புள்ளிகளில் பட்டால் ஷார்ட் ஆகும். உட்புறப் பளபளப்பைத் துணியால் துடைக்கவும் வேண்டாம். அந்த அலுமினியப் பூச்சு லேசாக உரசினாலே கீறும், ஊதினால் போதும்.

குறைந்த வெளிச்சத்தில் டார்ச்சை வேகமாக வீசும்போது கற்றை துண்டு துண்டாகத் தெரிந்தால், அது ஒளியியல் குறையல்ல. வெளிச்சத்தைக் குறைக்க, டார்ச்சின் மின்சுற்று எல்.ஈ.டி.யை வேகமாக அணைத்து அணைத்து எரியவிடுகிறது.

பனியிலும் புழுதியிலும் புழங்க, ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பான ரிஃப்ளெக்டரையே பரிந்துரைக்கிறோம். வழவழப்பானது அதிகத் தூரம் எறியும், ஆனால் ஒவ்வொரு வளையத்தையும் காட்டிக்கொடுக்கும். எதுவானாலும் கண் மட்டத்தில் பிடிக்காமல் இடுப்பளவில் பிடியுங்கள். அருகிலுள்ள துளிகளில் பட்டுத் திரும்பும் கூச்சம் நன்றாகக் குறையும்.